லா பயடேர் பெரிய ஸ்க்ரீன்ல பாத்தேன்: நெழலுங்க எறங்கறப்ப மட்டும் டீ பிரேக் விடாதீங்க

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தண்டையார்பேட்டையில ஒரு டான்ஸ் கிளாஸ் மேல்மாடி ஹால்ல ஸ்க்ரீன் கட்டி பாலே, அதான் வசனமே இல்லாம ஆடியே கதை சொல்ற ஐரோப்பா ஆட்டம், போட்டாங்க. டிக்கெட் 150 ரூபா, சின்னப் பசங்களுக்கு 50. லண்டன் ராயல் பாலே 2009ல ஆடுன லா பயடேர் பதிவு, டமாரா ரோஹோ, கார்லோஸ் அகோஸ்டா, மரியனேலா நூனியெஸ் மூணு பேரும் ஒரே மேடையில. இதை நான் லேப்டாப்புல எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கு இல்ல, ஆனா செவுத்து அளவுக்கு பெருசா பாக்கறது இதான் மொத தடவை, அக்கா பொண்ணையும் கூட்டிட்டு நாலரைக்கே போய் உக்காந்துட்டேன்.

எனக்கு பழைய வண்ணாரப்பேட்டையில எம்.சி. ரோட்டுக்குப் பின்னாடி தையல் கடை, பாதி வேலை ரவிக்கை, பாதி வேலை பரதநாட்டிய டிரெஸ்ஸு. அதனால பாலே பாக்கறப்ப என் கண்ணு மொதல்ல துணிமேலதான் போவும்.

கதை தெரியாதவங்களுக்கு ஒரு வரி. கோயில்ல ஆடற பொண்ணு நிகியா, போர்வீரன் சோலோர், ரெண்டு பேருக்கும் காதல், ராஜா தன் பொண்ணு கம்சாட்டியை சோலோருக்கே நிச்சயம் பண்ணிடறாரு, நிகியா பூக்கூடைக்குள்ள இருந்த பாம்பு கடிச்சு செத்துடறா. பயடேர்ங்கறதே போர்த்துகீஸ்காரன் ஆடற பொண்ணுங்களை கூப்ட்ட வார்த்தையில இருந்து வந்த பிரெஞ்சு பேரு. மரியுஸ் பெத்திபா 1877ல ரஷ்யாவுல பீட்டர்ஸ்பர்க்ல போட்டது, மியூசிக் மின்குஸ். அதாவது நம்ம தேவதாசியைப் பத்தி, நம்ம ஊரையே பாக்காதவங்க பண்ண கதை.

அது மொத அங்கத்து டிரெஸ்ஸுல நல்லாவே தெரியுது. வயிறு தெரியற குட்டி ரவிக்கை, ஜிலுஜிலுன்னு துணி, கையை மார்ல குறுக்கப் போட்டு குனியற வணக்கம், இதெல்லாம் பாத்தா எனக்கு மனசு கஷ்டமாவே இருக்கு, கோயில்ல ஆடற பொண்ணு இப்படியா நிப்பா. துணியை மாத்தக் கூடாதுன்னு நான் சொல்லல. நாம இன்னிக்கு தெக்கிற பரதநாட்டிய டிரெஸ்ஸே கலாக்ஷேத்ரா ஆரம்பிச்ச ருக்மிணி தேவி 1930கள்ல புதுசா அமைச்ச வழியில வந்ததுதான், அதுல ஒரு இத்தாலிக்கார தையல்காரம்மாவும் கூட இருந்து வேலை பாத்திருக்காங்க. ஆனா அதுல ஒரு கணக்கு இருக்கு, முட்டியை மடக்கி அரைமண்டி உக்காந்தா முன்னாடி விசிறி விரியணும், எழுந்தா மடங்கணும், துணியே தாளம் போடும். மடிப்பை ஒரு இஞ்சு மாத்தி வெச்சா ஆடற பொண்ணு உக்கார்ற ஆழமே தெரியாது. இந்த மொத அங்கத்து துணிக்கு அப்படி ஒரு வேலையும் இல்ல, வெறுமனே கிழக்கு நாடுன்னு காட்டறதுக்கு போட்ட துணி, அதான் என் குறை.

இதுல நெஜமாவே வருத்தம் என்னன்னா, அவங்க நம்ம ஆட்டத்தை பாக்கவே இல்லன்னும் சொல்ல முடியாது. 1838ல கடலூர் பக்கத்துல திருவந்திபுரத்துல இருந்து தேவதாசிங்க ஒரு குழு பாரிஸுக்கு போயி மேடையில ஆடியிருக்காங்க, அதுல அமணின்னு பதினெட்டு வயசு பொண்ணு, அவளைப் பாத்து அசந்து போயி தியோஃபில் கோத்தியேங்கற பிரெஞ்சு எழுத்தாளர் பக்கம் பக்கமா எழுதியிருக்காரு, பார்ன்னு ஒரு சிற்பி அவளை வெண்கலத்துல வடிச்சிருக்காரு. அதே கோத்தியேதான் அப்புறம் ஜிசெல்ங்கற பேர்போன பாலேவோட கதையை எழுதினவரு, 1858ல சகுந்தலை கதையை பாலேக்கு எழுதினதும் அவருதான், அதுக்கு ஆட்டம் அமைச்சது பெத்திபாவோட அண்ணன் லூசியன். இவ்ளோ கிட்ட வந்துட்டு, அமணி உடுத்துன புடவைக்கட்டு மட்டும் எங்கயோ தொலைஞ்சு போச்சு. எனக்கு அந்தப் பொண்ணை நெனச்சாலே நெஞ்சு அடைக்குது, கப்பல் ஏறி அவ்ளோ தூரம் போயி, பாஷை தெரியாத ஊருல நம்ம ஆட்டத்தை ஆடிக் காட்டியிருக்கா.

சரி ஆட்டம். சோலோரா ஆடுன அகோஸ்டா கியூபாவுல ஹவானாவுல லாரி ஓட்டறவரோட புள்ள, பதினோரு பசங்கள்ல கடைசி, ஃபீஸ் இல்லாம படிப்பும் மத்தியானச் சாப்பாடும் கெடைக்கும்னுதான் அப்பா பாலே ஸ்கூல்ல சேத்து விட்டாரு. அவரு மேல எழும்பி ஒரு நிமிஷம் அங்கயே நிக்கற மாதிரி இருந்தப்போ எனக்குப் பின்னாடி உக்காந்திருந்த துறைமுகத்துல வேலை செய்யற ஒரு அண்ணன் "யப்பா"ன்னு சத்தமாவே சொன்னாரு, அதுக்கு மேல நான் எழுத என்ன இருக்கு. கம்சாட்டியா ஆடுன நூனியெஸ் சுத்தறப்ப ஹாலே கைதட்டுச்சு. ஆனா எனக்கு நிகியாவா ஆடுன ரோஹோதான். அந்தப் பூக்கூடை ஆட்டத்துல காதலன் முகத்தை திருப்பிக்கறான், இவ முதுகை வளைச்சு மெதுவா ஆடிட்டே அவனையே பாக்கறா, அழுகை முகத்துல இல்ல, முதுகுல இருக்கு.

இப்ப ரெண்டாவது அங்கம். சோலோர் ஓபியம் இழுத்துட்டு படுக்கறான், கனவுல நெழலுங்க வருது. இருட்டுல ஒரு சரிவு, மேல ஒரு வெள்ளை டிரெஸ் பொண்ணு வருவா, ஒத்தக்கால்ல நின்னு இன்னொரு காலை பின்னாடி தூக்கி சாய்வா, நிமுந்து கையை மேல கொண்டு போய் பின்னாடி லேசா வளைவா, ரெண்டு அடி நடப்பா. அவ்ளோதான். அவளுக்குப் பின்னாடி இன்னொருத்தி, அதே மாதிரி. அப்புறம் இன்னொருத்தி. மியூசிக்கும் அதே ராகம் திரும்பத் திரும்ப. ராயல் பாலேல 24 பேரு, ரஷ்யாவுல மரியின்ஸ்கி குழுவுல 32 பேரு. மொத ஆளா வர்றவ கடைசி ஆளு எறங்கற வரைக்கும் நிறுத்தாம இதையே செஞ்சிட்டே இருக்கணும், கால் நடுங்கக் கூடாது, ஒருத்தி தள்ளாடினாலும் அம்புட்டும் கெட்டுடும். புதுசு ஒண்ணும் நடக்காது, ஆளு மட்டும் கூடிட்டே இருக்கும், அதான் இதோட அழகே. நம்ம ஊருல தேர் வடம் இழுக்கறப்ப முன்னாடி பத்து பேரு, அப்புறம் இருபது, அப்புறம் தெருவே சேந்துக்கற மாதிரி.

நெழலுங்க போட்டிருக்கற ட்யூட்டூங்கற அந்த பாலே பாவாடையைப் பத்தி சொல்லாம விட முடியாது. நாம லெஹங்காவுக்கு அடியில வெக்கிற கேன்கேன் நெட்டு மாதிரிதான், ஆனா பத்து பன்னெண்டு அடுக்கு, மேல வர வர அகலம் கூடும், அடுக்குக்கு அடுக்கு நடுவுல தளர்வா நூல் கோத்து விட்டிருப்பாங்க, இறுக்கிட்டா குடை மாதிரி விறைச்சுக்கும், விட்டுட்டா குதிச்சு எறங்கறப்ப ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் பறக்கும். முதுகுல ஜிப் கெடையாது, ஊக்கு வரிசைதான், அதுவும் ரெண்டு மூணு வரிசை கண்ணி, ஒரே டிரெஸ்ஸை இன்னிக்கு ஒருத்தியும் நாளைக்கு கொஞ்சம் குண்டானவளும் போட்டுக்கலாம். நான் இதைப் பாத்து கத்துக்கிட்டு என் அரங்கேற்ற ரவிக்கைங்களுக்கும் ரெண்டு வரிசை வெக்க ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. நெழலுங்களுக்கு தலையில இருந்து கைக்கு ஒரு மெல்லிசு வெள்ளைத் துணி வேற, கையைத் தூக்கறப்ப பனி மாதிரி கூடவே எழும்பும். மொத அங்கத்துல துணி சும்மா தொங்குச்சு, இங்க துணியும் ஆடுது.

அக்கா பொண்ணு என் காதுல எண்ணிட்டே வந்தா. "சித்தி, இன்னும் வராங்களா?" "வருவாங்க, எண்ணு." பதினாலு, பதினஞ்சு.

அங்க நிறுத்திட்டாங்க. லைட்டைப் போட்டு, டீ வந்துடுச்சு, சமோசா சூடா இருக்கு, பத்து நிமிஷம் பிரேக்குன்னு அறிவிப்பு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. மொத அங்கம் முடிஞ்சப்பவே திரை மூடி இடைவெளி வருது, அங்க விட்டிருக்கலாம், அப்ப டீ வரலன்னு ஓட்டிட்டாங்களாம். பத்து நிமிஷம் கழிச்சு பதினாறாவது பொண்ணுல இருந்து போட்டாங்க, ஆனா அது வேற மாதிரி ஆயிடுச்சு, பதினஞ்சு பேரு சேத்து வெச்ச அமைதி போயிடுச்சு, மறுபடி அது வர்றதுக்குள்ள 24 பேரும் எறங்கிட்டாங்க. பிள்ளையும் எண்ணறதை விட்டுட்டா. பாட்டு ஆலாபனை நடுவுல யாராவது மைக்கை அணைப்பாங்களா?

மூணாவது அங்கம் சீக்கிரம் சொல்லிடறேன். சோவியத் காலத்துல இந்தக் கடைசி அங்கத்தையே விட்டுட்டாங்க, நட்டாலியா மகரோவான்னு ரஷ்யாவுல இருந்து வந்த பாலே ஆட்டக்காரிதான் 1980ல அமெரிக்காவுல திருப்பிக் கொண்டு வந்தது, ராயல் பாலேவுக்கு 1989ல போட்டதும் அவங்கதான். தங்கச்சிலை மாதிரி பூசிட்டு ஒருத்தர் ஆடற ஆட்டம் பசங்களுக்கு ரொம்பப் புடிச்சுது, கோயில் இடிஞ்சு விழற இடம் ப்ரொஜெக்டர்ல மங்கலா தெரிஞ்சுது.

ஹால் நல்லா இருக்கு. சுத்தம், பாத்ரூம்ல தண்ணி இருக்கு, ஸ்பீக்கர் ரெண்டும் தெளிவு, வயலின் கூட பிரிஞ்சு கேக்குது. ஃபேனுதான், ஏசி இல்ல, அஞ்சு மணிக்கு வேர்க்குது, ஆறரைக்கு மேல கடக்காத்து வந்து சரியாயிடுது. போனை எடுத்து படம் புடிக்கறவங்களை நடத்துற தம்பி நேரா போயி நிறுத்தச் சொன்னாரு, அது எனக்கு ரொம்ப மரியாதையா தோணுச்சு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கதையை தமிழ்ல அஞ்சு நிமிஷம் சொன்னாங்க, இதை கண்டிப்பா தொடரணும், மொத தடவை வந்தவங்க அதனாலதான் கடைசி வரைக்கும் உக்காந்தாங்க. அஞ்சுக்கு நாலு குடுக்கறேன், அந்த ஒண்ணு பதினஞ்சாவது பொண்ணுக்காக.

முடிஞ்சதும் அந்த தம்பி கிட்ட போயி விவரமா சொன்னேன், கோவமா இல்ல, எங்க நிறுத்தலாம் எங்க நிறுத்தக் கூடாதுன்னு. "அக்கா, அடுத்த தடவை நீங்களே சீட்டுல எழுதிக் குடுங்க, அங்க நிறுத்தறோம்"ன்னாரு. எழுதியும் குடுத்துட்டேன். அடுத்த மாசம் ஜிசெல், ரெண்டே அங்கம், நடுவுல ஒரே பிரேக்கு. வர்றவங்க எடது பக்கம் கடைசி ரெண்டு சேர்ல உக்காராதீங்க, தூண் மறைக்குது. மூணாவது வரிசை நடுவுல உக்காந்தா காலும் தெரியும், முழு மேடையும் தெரியும்.