உறுப்பினரா, விண்ணப்பமா, கணக்காய்வு அறிக்கையா? கொழும்பு மாநகர சபையிடம் கேட்க மூன்று வழிகள்

கொட்டாஞ்சேனை ஒழுங்கை ஒன்றில் வடிகான் மூடி உடைந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில், பக்கத்துக் காணியில் எழும்பும் கட்டடம் அனுமதித்த மாடிகளையும் தாண்டிவிட்டதோ என்று தொடர்மாடிக்காரர்களுக்குச் சந்தேகம். மட்டக்குளியில் சென்ற ஆண்டு போட்ட கொங்கிரீட் வீதி இந்த ஆண்டு மழையிலேயே பெயர்ந்துவிட்டது. மூன்றும் மாநகர சபையிடம் கேட்க வேண்டியவை. நம்மவர்கள் மூன்றுக்கும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: தெரிந்த உறுப்பினரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடுகிறார்கள்.

அது தவறு என்று சொல்ல வரவில்லை. வடிகான் மூடிக்கு அதுதான் சரியான வழி. மற்ற இரண்டுக்கும் அது ஏறக்குறைய பயனற்றது. கேட்பவருக்கு வேண்டியது வேலையா, ஆவணமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். வேலை வேண்டுமானால் ஆளைப் பிடியுங்கள். ஆவணம் வேண்டுமானால் சட்டத்தைப் பிடியுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் "தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை" என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் உறுப்பினர். 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பின் கொழும்பு மாநகர சபையில் 117 பேர் இருக்கிறார்கள். எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மேயர் தெரிவே இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று முடிந்தது. கேள்வி கேட்கும் குடிமகனுக்கு இது நல்ல காலம். ஆளும் தரப்பு உறுப்பினர் வேலையை முடித்துக் காட்ட விரும்புவார். எதிர்த்தரப்பு உறுப்பினர் கேள்வியைச் சபையில் எழுப்ப விரும்புவார். எவரிடம் எதைக் கொடுப்பது என்று தெரிந்தால் இருவரும் பயன்படுவார்கள்.

உறுப்பினர் வழியின் பெரிய பலம் வேகம். வட்டாரத்தின் வேலைப் பகுதி மேற்பார்வையாளரை அவர் பெயர் சொல்லி அழைக்க முடியும். செலவில்லை, படிவமில்லை. பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. அவர் கேட்டதும் பதில் வந்ததும் வாய்வழியே முடிந்துவிடும். ஆறு மாதத்தில் மூடி மறுபடி உடைந்தால் முன்பு யார் என்ன சொன்னார் என்பதற்கு ஆதாரமில்லை. சபைக் கூட்டத்தில் கேட்டிருந்தால் மட்டும் அது கூட்ட அறிக்கையில் பதிவாகும். பக்கத்துக் கட்டட விவகாரத்திலோ இன்னொரு சங்கடம் உண்டு. கட்டடம் கட்டுபவரும் அதே உறுப்பினருக்கு வேண்டியவராக இருக்கலாம். சிறிய நகரம்தான் இது. இந்த வட்டாரங்களுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் எப்படியோ உறவு.

இந்த வழி ஒரேயடியாக மூடிக்கிடந்த காலமும் உண்டு. 2023 மார்ச் 19ஆம் திகதியுடன் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் இதை அடிப்படை உரிமை மீறல் என்று தீர்த்தது. 2025 வரை கொழும்பை நடத்தியவர்கள் அதிகாரிகளே. இரண்டு ஆண்டுக்கு மேல் வரி கட்டிய மக்களுக்கு வாக்களித்துத் தெரிவுசெய்த ஒருவர்கூட நகர மண்டபத்தில் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் யார் எந்த ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார் என்று இன்று கேட்கப் புறப்பட்டால், உறுப்பினருக்கும் அது புதிர்தான். கோப்புக்கு மட்டுமே தெரியும்.

கோப்பைத் திறக்கும் சாவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் விண்ணப்பிக்க முடிகிறது. அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் சேர்த்த 14அ உறுப்புரை இதற்கு அடிப்படை. ஆகவே இது அதிகாரியின் தயவல்ல, அடிப்படை உரிமை. விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. காரணம் சொல்லவேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. மின்னஞ்சலும் எழுத்தாகவே கொள்ளப்படும். தருவதா மறுப்பதா என்ற முடிவு பதினான்கு வேலை நாட்களுக்குள் வரவேண்டும். ஓர் உயிரோ ஒருவருடைய சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்துக்குள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தமிழில் கிடைக்கும் மாதிரி விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக்கு எழுதப்பட்டவை. பிரிவு 6(1), பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் என்பதெல்லாம் இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம். அதை அப்படியே பிரதி எடுத்து நகர மண்டபத்துக்கு அனுப்பாதீர்கள். இங்கே விண்ணப்பம் 24ஆம் பிரிவின் கீழ் போகிறது. இதற்கென உள்ள முதலாம் இலக்கப் படிவம் வசதியானது. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும்.

அடுத்தது கேள்வியின் வடிவம். பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் தோற்கின்றன. "எங்கள் வீதி ஏன் ஓராண்டில் பெயர்ந்தது? இதற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டால் தகவல் அலுவலர் தரக்கூடிய நேர்மையான பதில் "அப்படியொரு ஆவணம் எங்களிடம் இல்லை" என்பதுதான். சட்டம் உங்களுக்குத் தருவது கையில் இருக்கும் பதிவுகளை. கருத்தையோ விளக்கத்தையோ உருவாக்கித் தரும்படி கட்டாயப்படுத்த முடியாது. மட்டக்குளி வீதிக்கு இப்படிக் கேளுங்கள்: அந்த வேலைக்குத் தயாரித்த மதிப்பீட்டின் பிரதி, விலைமனு கொடுத்தவர்களின் பெயரும் தொகையும், கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் பிரதி, வேலையை அளந்து பார்த்துப் பொறியியற் பகுதி எழுதிய பதிவு, இதுவரை கொடுத்த பணத்தின் வவுச்சர்கள், பிடித்துவைத்த பணம் விடுவிக்கப்பட்டதா என்பதைக் காட்டும் கடிதம்.

கடைசி வரியைத்தான் நான் முதலில் கேட்பேன். பொதுப்பணி ஒப்பந்தங்களில் வேலை முடிந்த பின்னும் ஒரு பகுதிப் பணத்தைப் பிடித்து வைப்பது வழக்கம். குறித்த காலத்துக்குள் குறை தெரிந்தால் ஒப்பந்தகாரர் தம் செலவில் திருத்திக் கொடுக்க வேண்டும். அந்தக் காலம் இன்னும் முடியவில்லை என்று ஒப்பந்தம் காட்டினால், உங்கள் வீதிக்குப் புதிய நிதி ஒதுக்கவேண்டிய தேவையே இல்லை. அந்தப் பிரதியோடு உறுப்பினரிடம் போனால் பேச்சின் தொனியே வேறாக இருக்கும்.

செலவு பெரிதல்ல. 2017இல் வெளியான விதிகளின்படி முதல் நான்கு பக்கங்கள் இலவசம். அதன்பின் ஏ4 அளவில் ஒருபக்கப் பிரதிக்கு இரண்டு ரூபாய். கோப்பு தடித்ததென்றால் பிரதி கேட்காமல் நேரில் பார்வையிட அனுமதி கேட்பது புத்திசாலித்தனம். பார்த்துவிட்டு வேண்டிய பக்கத்தை மட்டும் எடுக்கலாம்.

மறுத்தால், அல்லது வாயே திறக்காவிட்டால்? பதினான்கு நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. அதற்கும் மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம். ஆணைக்குழு முப்பது நாளில் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இன்னும் நீளும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆனால் அங்கே ஒரு நல்ல அம்சம் உண்டு: சட்டப்படி நடந்தோம் என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல்தான். சட்டத்தரணி இல்லாமல் நீங்களே போய்ப் பேசலாம். பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும், விண்ணப்பம் கிடைத்ததற்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்துங்கள். அவை இல்லாமல் மேன்முறையீட்டில் நாள் கணக்கை நிரூபிப்பது கடினம்.

வெள்ளவத்தைக் கட்டடத்துக்கு இந்த வழி சற்றுக் கரடுமுரடானது. அனுமதித்த வரைபடம் மூன்றாம் தரப்பினர் ஒருவருடையது என்று சொல்லி அவருக்கு அறிவித்தல் அனுப்பலாம். தனிப்பட்ட தகவல் என்று மறுக்கவும் 5ஆம் பிரிவு இடம் தருகிறது. பொது நலன் அதைவிடப் பெரிதென்றால் கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். வீட்டின் உள்ளமைப்பு வரைபடம் உங்களுக்கு எதற்கு? அனுமதித்த மாடிகளின் எண்ணிக்கை, எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி, அனுமதியின் திகதி, குடியேறலாம் என்று சபை தந்த சான்றிதழ் உண்டா என்பவை போதும். இவற்றைத் தனிப்பட்டவை என்று மறைப்பது கடினம். பக்கத்து வீட்டாருக்கு உங்கள் பெயர் தெரிந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. தொடர்மாடி நிர்வாகச் சங்கத்தின் பெயரில் கேட்கலாம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் அமைப்புகளுக்கும் சட்டம் பொருந்தும்.

மொழி விவகாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் சிங்களத்தில் எழுதத் தெரிந்தவரைத் தேடிப் போகிறார்கள், தமிழில் எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும் என்ற பயத்தில். 1988இன் 16ஆவது திருத்தத்துக்குப் பின் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தெளிவாகவே பேசுகிறது: சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் பகுதியிலும் ஒருவர் அலுவலருக்குத் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறலாம், பார்வையிட உரிமையுள்ள ஆவணத்தின் பிரதியையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் உரிமை உண்டு. காகிதத்தில் குறையில்லை. நடைமுறையில், கோப்பு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். மொழிபெயர்த்துத் தாருங்கள் என்றால் அந்தச் சாட்டிலேயே நாட்கள் ஓடும். என் ஆலோசனை இரண்டையும் பிரிப்பது. விண்ணப்பம் தமிழில். முடிவை அறிவிக்கும் கடிதம் தமிழில் வேண்டும் என்று அதில் எழுதுங்கள். ஆவணப் பிரதிகளை உள்ளபடியே முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் முக்கியம் என்று தெரிந்தபின் அதற்கு மட்டும் மொழிபெயர்ப்புக் கேளுங்கள். வீதியின் பெயரையும் கோப்பு இலக்கத்தையும் அலுவலகம் எழுதும் வடிவிலேயே குறிப்பிட்டால், தேடியும் கிடைக்கவில்லை என்று சொல்ல வழியிருக்காது.

மூன்றாவது வழியை ஏறக்குறைய யாருமே பயன்படுத்துவதில்லை. எனக்கோ அதுதான் மிகப் பிடித்தது. அரசியலமைப்பின் 154ஆவது உறுப்புரையின்படி உள்ளூராட்சி மன்றங்களின் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆண்டுதோறும் ஆராய்கிறார். அறிக்கைகள் தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் இணையத்தளத்தில் வெளியாகின்றன. யாரிடமும் கேட்கவேண்டியதில்லை, பெயர் கொடுக்கவேண்டியதில்லை. வாசிப்பதற்கு வறட்சியானவை, உண்மைதான். பழையவை, அதுவும் உண்மை. நேற்றைய வடிகானைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. ஆனால் நிலுவை வரி, வசூலிக்காத வாடகை, வாங்கிப் பயன்படுத்தாத இயந்திரம் போன்றவற்றை உள்ளே புகுந்து பார்க்கும் அதிகாரம் உள்ள ஒருவர் எழுதியிருப்பார். எந்த உறுப்பினருக்கும் அவ்வளவு தூரம் கோப்பைப் புரட்ட நேரமில்லை.

அறிக்கையை விண்ணப்பத்தோடு இணைத்தால் அதன் பலம் பெருகும். "2022ஆம் ஆண்டுக் கணக்காய்வு அறிக்கையின் இந்தப் பந்தி தொடர்பாகச் சபை கணக்காய்வு அலுவலகத்துக்கு அனுப்பிய பதிலின் பிரதி" என்று கேட்டால், அப்படியொரு ஆவணம் இல்லை என்று சொல்வது எளிதல்ல. பதில் அனுப்பவில்லை என்றால் அதுவே ஒரு செய்தி.

குறைகேள் அதிகாரி, மனித உரிமைகள் ஆணைக்குழு என்று வேறு வாசல்களும் உண்டு. முதலாமவர் பரிந்துரைக்கலாம், கட்டளையிட முடியாது. இரண்டாவது பாரபட்சம் நடந்ததாகச் சொல்லும்போது பொருத்தம். சம்பவம் நடந்ததும் தாமதிக்காமல் போய்விட வேண்டும். வடிகானுக்கும் வீதிக்கும் இவை அவசியமில்லை.

எந்த வழியில் போனாலும், விவகாரம் யாருடையது என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். காலி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. அதிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை மாநகர சபையுடையது. பாலம் தாண்டித் தெஹிவளைக்குப் போனால் வேறொரு மாநகர சபை. 2017 ஏப்ரல் 14இல் சரிந்து 32 உயிர்களைக் கொண்டுபோன மீதொட்டமுல்லைக் குப்பைமேட்டில் கொட்டப்பட்டது கொழும்பின் குப்பை. மேடு நின்றதோ கொலன்னாவைப் பக்கம். அப்படிப்பட்ட விவகாரத்தில் ஒரே கடிதத்தை இரண்டு நிறுவனத்துக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒன்று மற்றதைக் கைகாட்டும் பதில்களே பிறகு நல்ல ஆதாரமாகும்.

ஆக, வடிகானுக்கு உறுப்பினர்; அவர் இரண்டு வாரத்தில் அசையாவிட்டால் முறைப்பாட்டுப் பதிவின் பிரதி கேட்டு விண்ணப்பம். கட்டடத்துக்கு நேரே விண்ணப்பம், உறுப்பினர் வேண்டாம். வீதிக்குக் கணக்காய்வு அறிக்கையில் தொடங்கி விண்ணப்பத்துக்கு வந்து, பிரதிகள் கையில் கிடைத்தபின் சபையில் கேள்வி எழுப்ப உறுப்பினர்.

பழைய ஆவணம் தேடுபவர்கள் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவுகளைக் குறைந்தது பத்து ஆண்டுகள் பேண வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. அதன்பின் உருவானவற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். 2017 பெப்ரவரியிலிருந்து எண்ணினால் முதல் கெடு 2027 பெப்ரவரியில் முடிகிறது. ஆனால் கேட்கப்பட்ட பதிவை, விண்ணப்பமும் மேன்முறையீடும் முடியும்வரை அழிக்க முடியாது. தந்தை காலத்து ஆதனவரி மதிப்பீடோ, 2010இல் கொடுத்த கட்டட அனுமதியோ உங்களுக்குத் தேவையென்றால், கெடுவுக்கு முன் விண்ணப்பத்தைக் கொடுத்து, அது கிடைத்ததற்கான அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.