61 லட்சம் கையெழுத்தும் 48 கடிதமும்: பிரிட்டன் நாடாளுமன்ற மனு இணையதளம் பற்றி ஒரு பயனரின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரதமரை ராஜினாமா செய்ய வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு இந்தத் தளத்துக்குப் போகாதீர்கள், அந்தச் சரக்கு அங்கே கிடையாது. இவருக்குப் பதவி கொடு, அவரைப் பதவியிலிருந்து இறக்கு, ராஜினாமா செய்யச் சொல், நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வா, இந்த வகை மனு எதையும் ஏற்க மாட்டோம் என்று விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நிராகரித்த மனுக்களையும் காரணத்தோடு அங்கேயே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், பொழுது போகாத நேரத்தில் அதை மட்டும் படித்தாலே நாட்டு மக்கள் என்ன கோபத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆட்சேபிக்கத்தக்க சிலதை மட்டும் மறைத்துவிடுவார்கள்.

பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுவது பற்றிய பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போன 2019 தொடக்கத்தில் என்னைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் ஒரே கேள்விதான், அப்போதைய பிரதமர் தெரசா மே போக வேண்டுமா, இருக்க வேண்டுமா. அந்தக் கேள்வியோடுதான் நானும் இந்தத் தளத்தைப் பழக ஆரம்பித்தேன். அதனால் இந்த விமர்சனமும் அந்தக் கேள்வியின் வழியாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்துவது ரொம்பச் சுலபம், அதில் குறையே சொல்ல முடியாது. பெயர், மின்னஞ்சல், தபால் குறியீடு கொடுத்தால் ஓர் இணைப்பு வரும், அதைச் சொடுக்கினால் கையெழுத்து ஏறிவிடும். எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. குடியுரிமை இருந்தாக வேண்டும் என்பதில்லை, பிரிட்டனில் வசித்தால் போதும். நான் கையெழுத்திட்டபோது என் கையில் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. (காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே குடியிருந்தால், ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று கேட்ட 2016 பொது வாக்கெடுப்பிலேயே ஓட்டுப் போடலாம் என்பது பலருக்கு இன்றுவரை தெரியாது, அது தனிக் கதை.) மனு போடுபவரின் பெயர் மட்டும்தான் வெளியே தெரியும், கையெழுத்துப் போடுகிறவர் பெயர் தெரியாது. மனு ஆறு மாதம் திறந்திருக்கும். 10,000 பேர் சேர்ந்தால் அரசு பதில் எழுதும், 1,00,000 தாண்டினால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது பற்றி மனுக்கள் குழு யோசிக்கும். யோசிக்கும் என்றுதான் போட்டிருக்கிறார்கள், கட்டாயம் இல்லை. 2015இல் இந்தத் தளம் இப்போதைய வடிவத்துக்கு வந்ததிலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2019 மார்ச் 20 இரவு மே தொலைக்காட்சியில் தோன்றி, தாமதத்துக்கு எம்.பி.க்கள்தான் காரணம், நான் மக்கள் பக்கம் நிற்கிறேன் என்கிற மாதிரி ஒரு பேச்சுப் பேசினார். ஒன்பது நாளில் வெளியேற வேண்டிய நாடு, கையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வெளியேற்ற ஒப்பந்தம் இல்லை, அன்றைக்குத்தான் ஐரோப்பிய ஒன்றியத்திடம் தவணை கேட்டுக் கடிதம் போயிருக்கிறது, அந்த நேரத்தில் இப்படி ஒரு பேச்சு. கேட்டவர்களுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பிப்ரவரியிலிருந்து ஒரு மனு அங்கே சும்மா கிடந்தது, வெளியேறுவதற்காகக் கொடுத்த சட்டப்பிரிவு 50 அறிவிப்பை ரத்து செய்து ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்று. கூட்டம் மொத்தமும் அதன்மேல் பாய்ந்தது. மறுநாள் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 2,000 கையெழுத்து, தளம் படுத்தது, எழுந்தது, திரும்பப் படுத்தது. பிற்பகலுக்குள் பத்து லட்சம். சுமை தாங்காமல் விழுந்ததற்காக நட்சத்திரத்தைக் குறைக்கலாம்தான், ஆனால் வேறு எந்த அரசுத் தளம் சொந்த அரசுக்கு எதிரான கூட்டத்தால் விழுந்திருக்கிறது சொல்லுங்கள், எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

நான் அந்தச் சனிக்கிழமை இரவுதான் கையெழுத்திட்டேன், லண்டனில் அன்று பெரிய ஊர்வலம் நடந்த நாள். எண்ணிக்கை கண்ணெதிரே ஓடும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். தொகுதிவாரியாக வரைபடமும் உண்டு, 650 தொகுதிகளும் எந்தெந்த அளவில் சிவந்திருக்கின்றன என்று அதில் தெரியும். பிரிஸ்டல், கேம்பிரிட்ஜ், பிரைட்டன் எல்லாம் கொதித்துக் கிடந்தன, போஸ்டன் பக்கம் வெளிறிக் கிடந்தது, மேயின் சொந்தத் தொகுதியான மெய்டன்ஹெட்டிலேயே ஆயிரக்கணக்கானோர். இந்தத் தளத்தின் மிகச் சிறந்த அம்சம் எது என்று கேட்டால் இந்த வரைபடத்தைத்தான் சொல்வேன். இதன் ஆபத்தும் அதுதான். எண் ஓட ஓட, ஏதோ நடக்கப்போகிறது என்று மனசு நம்ப ஆரம்பித்துவிடுகிறது.

ஒன்றும் நடக்கவில்லை. அவையின் முன்னவராக இருந்த ஆண்ட்ரியா லெட்சம், மனு 1.74 கோடியைத் தொட்டால் பார்க்கலாம் என்கிற தொனியில் அவையிலேயே சொன்னார். 2016இல் வெளியேற வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்களின் எண்ணிக்கை அது. குத்தலாகச் சொன்னாலும் தர்க்கம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஒரு பக்கம் நாடு முழுக்க வாக்குச்சாவடிக்குப் போய்ப் போட்ட ஓட்டு, இன்னொரு பக்கம் என்னைப் போல் சோபாவில் உட்கார்ந்து சொடுக்கியது. மார்ச் 26 அன்று அரசின் பதில் மின்னஞ்சலில் வந்துவிட்டது. வாடிக்கையாளர் சேவை வேகம் என்று பார்த்தால் முழு மதிப்பெண், ஏனென்றால் என் வாழ்க்கையில் எந்த அரசு அலுவலகமும் மூன்று நாளில் எனக்குப் பதில் எழுதியதில்லை. ஆனால் உள்ளே இருந்தது ஒரே விஷயம்தான்: ரத்து செய்ய மாட்டோம்.

ஏப்ரல் 1ஆம் தேதி விவாதம். வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் என்று சொல்லும் பக்கத்து அவையில், குதிரை லாட வடிவத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள், அங்கே பேசலாம், முடிவெடுக்க முடியாது. எங்கள் மனுவோடு, இரண்டாவது வாக்கெடுப்பு கேட்ட மனுவையும், சொன்னபடி வெளியேறியே ஆக வேண்டும் என்ற மனுவையும் சேர்த்து ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள். அதே நாள் மாலை பெரிய அவையில், பிரெக்சிட்டை எப்படி முடிப்பது என்று நான்கு தீர்மானங்களுக்கு ஓட்டெடுப்பு. வெளியேறினாலும் ஐரோப்பாவோடு ஒரே சுங்க வரி ஏற்பாட்டில் இருக்கலாம் என்ற சுங்க ஒன்றியத் தீர்மானம் 273க்கு 276 என்று மூன்று ஓட்டில் தோற்றது. ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறும் நிலை வந்தால் கடைசியில் ரத்து செய்யலாம் என்று சுற்றி வளைத்துச் சொன்ன தீர்மானம் 191க்கு 292 என்று தோற்றது. ஆக, 60 லட்சம் பேர் கேட்டதற்குக் கொஞ்சம் அருகில் வந்த ஒன்றே ஒன்றும் அன்றைக்கே விழுந்தது, பக்கத்து அறையில் எங்கள் மனுவைப் பற்றிப் பேசிய அதே நாளில்.

கையெழுத்துகளின் நம்பகத்தன்மை பற்றியும் கேட்பீர்கள். 2016இல் இரண்டாவது வாக்கெடுப்பு கேட்டு 41 லட்சத்துக்கு மேல் சேர்ந்த மனுவில், வாடிகனிலிருந்து மட்டும் 39,000க்கு மேல் கையெழுத்து வந்திருந்தது. அங்கே மொத்த ஜனத்தொகையே ஆயிரத்துக்குக் கீழே. குழு உட்கார்ந்து ஏறக்குறைய 77,000 போலிகளை நீக்கியது, அந்த மட்டில் வேலை செய்கிறார்கள். அதைவிட வேடிக்கை, அந்த மனுவை வாக்கெடுப்புக்கு முன்பே போட்டவர் வெளியேற்றத்தை ஆதரித்தவர், தம் பக்கம் தோற்றுவிடும் என்று பயந்து போட்டது. வெல்லும் என்று தெரிந்திருந்தால் போட்டிருக்கவே மாட்டார். தளத்தின் மேல் குற்றமில்லை, நான் சும்மா சொல்கிறேன்.

ராஜினாமா கேட்க எப்போதுமே வழி இல்லாமல் இருந்ததா என்றால், இல்லை. இதற்கு முன்னால் பிரதமர் அலுவலகமே ஒரு மனுத் தளம் நடத்தியது, 2006 முதல். அதில் 2009இல் கார்டன் பிரவுன் பதவி விலக வேண்டும் என்று பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். தொலைக்காட்சியில் கார் நிகழ்ச்சி நடத்திய ஜெரமி கிளார்க்சனைப் பிரதமராக்கு என்றுகூட ஒரு மனு, அதற்கும் பல்லாயிரம் பேர். பிரவுன் 2010 தேர்தல் முடிந்த பிறகுதான் போனார், கிளார்க்சன் வரவேயில்லை. இதையெல்லாம் பார்த்தபின் இப்போதைய தளத்தின் விதி நேர்மையானது என்றே படுகிறது. கொடுக்க முடியாததை அலமாரியில் வைக்காமல் இருப்பதுதான் மரியாதை.

அப்படியானால் ராஜினாமா எங்கே கிடைக்கும்? அதற்கு வேறு ஒரு இடம் இருந்தது, பெயர்ப்பலகை இல்லாத இடம். மேயின் கன்சர்வேடிவ் கட்சியில் அமைச்சர் பொறுப்பில் இல்லாத பின்வரிசை எம்.பி.க்களின் 1922 குழு. குழுவின் அப்போதைய தலைவர் கிரேம் பிரேடியிடம் கட்சி எம்.பி.க்களில் 15 சதவீதம் பேர் கடிதம் கொடுத்தால் கட்சித் தலைவர் மீது ஓட்டெடுப்பு என்பது அன்றைய விதி, அன்றைய கணக்கில் 48 கடிதம். வரைபடம் கிடையாது, ஓடும் எண் கிடையாது, எத்தனை வந்திருக்கிறது என்று பிரேடி ஒருவருக்குத்தான் தெரியும். மேயின் 585 பக்க வெளியேற்ற ஒப்பந்தம் வெளிவந்ததும் 2018 நவம்பரில் இதோ சேர்ந்துவிட்டது, அதோ சேர்ந்துவிட்டது என்று தினமும் செய்தி, ஆனால் சேர டிசம்பர் ஆனது. 12ஆம் தேதி ஓட்டெடுப்பு. இடைநீக்கத்தில் இருந்த இரண்டு எம்.பி.க்களை அன்றைக்கே உள்ளே சேர்த்துக்கொண்டார்கள், ஓட்டு ஓட்டுதானே. 200க்கு 117, மே பிழைத்தார். அதற்கு ஒரு வருட உத்தரவாதம் வேறு, பன்னிரண்டு மாதத்துக்குத் திரும்ப அசைக்க முடியாது. பயனர் அனுபவம் என்று பார்த்தால் படு மோசமான சேவை. ஆனால் வேலை செய்கிற சேவை அதுதான்.

என் கருத்தைக் கேட்டால், 2019 ஜனவரி 15 இரவே மே போயிருக்க வேண்டும். இரண்டரை வருடமாகச் செய்த ஒரே வேலையை, அந்த ஒப்பந்தத்தை, அவை 432க்கு 202 என்று, 230 ஓட்டு வித்தியாசத்தில் திருப்பி எறிகிறது. இதைவிடத் தெளிவாக யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. மறுநாள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 325க்கு 306 என்று காப்பாற்றினார்களே என்பீர்கள். அது தேர்தல் வந்துவிடுமோ என்ற பயத்தில் விழுந்த ஓட்டு, சொந்தக் கட்சியில் ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களும் வட அயர்லாந்துக் கட்சியின் பத்துப் பேரும் சேர்ந்து போட்டது. என் மனைவி அன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்வதில்லை. யார் வந்தாலும் அவையில் அதே 650 பேர்தானே, தலையை மாற்றினால் கணக்கு மாறுமா என்பது அவள் கேள்வி. மேக்குப் பிறகு போரிஸ் ஜான்சன் பிரதமராக வந்து அதே அவையில் அடுத்தடுத்துத் தோற்றபோது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள். டிசம்பரில் தேர்தல் வைத்து அவையையே மாற்றிய பிறகுதான் அவருக்கு வேலை நடந்தது. ஆனாலும், மே ஜனவரியில் விலகியிருந்தால் அந்தத் தேர்தலே முன்னால் வந்திருக்கலாம் என்று நான் விடாமல் வாதாடுகிறேன். வீட்டில் இது முடியாது.

ஒப்பந்தம் மார்ச் 12இல் இன்னொரு முறை, 29இல் இன்னொரு முறை என்று தோற்றது. இடையில், ஒப்பந்தத்தை நிறைவேற்றினால் நான் போய்விடுகிறேன் என்று மே சொந்தக் கட்சி எம்.பி.க்களிடம் சொல்லிப் பார்த்தார், அந்த விலைக்கும் யாரும் வாங்கவில்லை. மே மாதம் 22ஆம் தேதி லெட்சம் அமைச்சரவையிலிருந்து விலகினார், ஆமாம், எங்களை 1.74 கோடி சேர்க்கச் சொன்ன அதே லெட்சம். இரண்டு நாளில் மே விலகல் அறிவிப்பு. அவருக்குப் பதிலாக யார் என்பதை முடிவு செய்தவர்கள் கட்சி உறுப்பினர்கள்: ஜான்சனுக்கு 92,153 ஓட்டு, ஜெரமி ஹன்ட்டுக்கு 46,656. எங்கள் மனுவின்மேல் கூட்டம் பாய்ந்த அந்த நாளில் ஒரு மணி நேரத்தில் விழுந்த கையெழுத்தே இதில் ஜான்சனின் எண்ணை எட்டிப் பிடிக்கும் அளவு இருந்திருக்கும்.

குறைகள் சில. அரசின் பதில் ஒரு வகை அச்சு, எந்த மனுவுக்கும் முதல் வரியிலேயே முடியாது என்று தெரிந்துவிடும், அதற்குப் பிறகு நான்கு பத்தி ஏன் என்று புரியவில்லை. விவாதம் நடந்த பிறகு அதற்கு என்ன ஆனது என்று சொல்ல யாரும் இல்லை. ஒரே விஷயத்துக்கு எதிரெதிர் மனுக்கள் இருந்தால் (ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறு என்ற மனுவுக்கும் 6 லட்சத்துக்கு மேல் சேர்ந்தது) இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு வசதி இருந்தால் நன்றாக இருக்கும். நிறை என்றால், தரவு முழுவதையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், எண்களோடு விளையாடுகிறவர்களுக்கு இது விருந்து.

மூன்றரை நட்சத்திரம். வரைபடத்துக்காகவே அந்த அரை.

எங்கள் மனு 61 லட்சத்தைத் தாண்டி 2019 ஆகஸ்ட் மாதம் மூடியது. அதற்குள் மே போய் நான்கு வாரம் ஆகியிருந்தது, கடைசி நாட்களில் கையெழுத்திட்டவர்கள் எந்தப் பிரதமரிடம் கேட்டார்களோ, அவருக்கு அதைப் படிக்கிற எண்ணமே இருந்திருக்காது.