ஆறு வருடமாக வகுப்பில் 'பீர் கேம்': என் அனுபவம்

எம்பிஏ மாணவர்களுக்கு சப்ளை செயின் பாடம் எடுக்கிறேன். வாடிக்கையாளர் தேவையில் வரும் சின்ன மாற்றம், கடையிலிருந்து ஃபேக்டரி வரை போகப் போக ஆர்டர்களில் பெரிய ஏற்ற இறக்கமாக ஊதிப்போவதைத்தான் 'புல்விப் எஃபெக்ட்' என்பார்கள். அதைப் பற்றி போர்டில் கிராஃப் போட்டு விளக்கினால் தலையாட்டுவார்கள், தேர்வில் எழுதுவார்கள், மறந்துவிடுவார்கள். அதனால் அமெரிக்காவின் எம்ஐடியில் 1960 வாக்கில் உருவான பீர் கேமை எடுத்துக்கொண்டேன், பீர் கடையிலிருந்து ஃபேக்டரி வரையிலான சப்ளை செயினை மாணவர்களே நடத்திப் பார்க்கும் விளையாட்டு. பெயரைக் கேட்டதும் துறைத்தலைவர் முகம் போன போக்கைப் பார்த்து பால் பாக்கெட் என்று மாற்றினேன், "பால் ரெண்டு வாரம் கெடாம இருக்குமா சார்?" என்று ஒருவன் கேட்டதும் அதுவும் போய் இப்போது பிஸ்கட் பெட்டி.

அணிக்கு நாலு பேர்: கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஃபேக்டரி. பேசக்கூடாது, ஒருவர் தனக்கு அடுத்தவருக்கு அனுப்பும் ஆர்டர் சீட்டு மட்டும்தான். கேட்ட சரக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். தேங்கும் பெட்டிக்கு வாரம் 50 பைசா, கொடுக்காமல் பாக்கி வைத்தால் 1 ரூபாய் செலவு. பத்தாவது வாரத்துக்குள் யாராவது ஒருவர் பதறிப்போய் 30, 40 என்று எழுத ஆரம்பிப்பார், அப்புறம் அத்தனையும் மொத்தமாக வந்து மேசையில் குவியும்.

ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் வாரா வாரம் எவ்வளவு வாங்கியிருப்பார் என்று ஃபேக்டரிக்காரர்களை வரையச் சொல்வேன். மலையும் பள்ளமுமாக வரைவார்கள். உண்மைக் கணக்கு: முதல் 4 வாரம் 4 பெட்டி, 5-ஆம் வாரத்திலிருந்து கடைசி வரை 8. போன வருடம் ஒரு பெண் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெறும் எட்டுதானா சார்?" என்றாள், அதுவரை மொத்த வியாபாரியைத் திட்டிக்கொண்டிருந்தவள்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு பீரியடாவது வேண்டும். முதல் வருடம் மணி அடித்துவிட்டதால் கடைசி உரையாடலை விட்டேன், விளையாடிய சந்தோஷம் மட்டும்தான் மிஞ்சியது, தேர்வு விடைகளில் ஒரு மாற்றமும் இல்லை. ஒருமுறை ஜெயித்த அணிக்கு மதிப்பெண் என்றேன், பக்கத்து மேசைச் சீட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கணினியில் ஆடினால் கணக்குப் பிழை வராது, ஆனால் மேசை காலியாகும்போது வரும் அந்தப் பயமும் வராது, திரும்ப, பெட்டிகளுக்குப் பதிலாக மேசையில் வைக்கும் டோக்கனுக்கே வந்துவிட்டேன். கஹூட் மாதிரி க்விஸ்களையும் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிட ரிவிஷனுக்குச் சரி, வேகமாகத் தட்டுகிறவருக்குத்தான் அதிக பாயின்ட்.

பெரிய தொல்லை சீனியர்கள்தான். அந்த 4, 8 ரகசியம் வாட்ஸ்அப்பில் முன்னாலேயே போய்விடுகிறது. இந்த வருடம் எண்களை மாற்றியிருக்கிறேன். என்னவென்று சொல்ல மாட்டேன், என் பிள்ளைகள் இதையும் படிப்பார்கள்.