கடைசிப் பெட்டியின் கணக்கு: ‘ஸ்னோபியர்சர்’ திரைப்பட விமர்சனம்

தென்கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோவின் ‘ஸ்னோபியர்சர்’ 2013இல் வெளிவந்த படம். அவருடைய ‘பாரசைட்’ ஆஸ்கர் வென்ற பிறகுதான் நம்மில் பலர் பழைய படங்களைத் தேடத் தொடங்கினோம் என்பதால், குன்னூரில் எங்கள் நண்பர் வட்டத்துக்கும் இது தாமதமாகவே வந்து சேர்ந்தது. புவி வெப்பமடைவதைத் தணிக்க வானில் தூவிய ரசாயனம் அளவுக்கு மீறி வேலை செய்து உலகத்தையே உறைய வைத்துவிடுகிறது. எஞ்சிய மனிதர்கள் அனைவரும், ஆண்டுக்கு ஒரு முறை உலகைச் சுற்றிவரும் நிற்காத ரயில் ஒன்றில் 17 ஆண்டுகளாக அடைந்து கிடக்கிறார்கள். முன்பெட்டிகளில் வசதி படைத்தவர்கள், கடைசிப் பெட்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொண்டவர்கள். கர்டிஸ் என்பவனின் தலைமையில் கடைசிப் பெட்டி எழுந்து இன்ஜினை நோக்கி நகர்வதே கதை. மூலம் 1982இல் வெளிவரத் தொடங்கிய ஒரு பிரெஞ்சுப் படக்கதை.

கிளர்ச்சிப் படங்கள் ஏராளமாக வந்திருக்கின்றன. இந்தப் படம் மனத்தில் நிற்பதற்குக் காரணம், சண்டைகளுக்கு நடுவே ஒரு கணக்குப் புத்தகத்தை அது பக்கம் பக்கமாகத் திறந்து காட்டுவதுதான். வழியில் மீன் தொட்டிகள் நிறைந்த பெட்டி ஒன்று வருகிறது. அங்கே கிளர்ச்சிக்காரர்களுக்குச் சுஷி என்ற ஜப்பானிய மீன் உணவு பரிமாறப்படுகிறது. மீன்களின் எண்ணிக்கை குலையக்கூடாது என்பதால் இந்த விருந்து ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே என்று, பிணைக்கைதியாகப் பிடிபட்ட நிலையிலும் ரயிலின் அமைச்சர் மேசன் விளக்கம் தருகிறார். முதல் முறை பார்க்கும்போது அது வேடிக்கையான தகவலாகவே தோன்றும். மீனுக்குச் சொன்ன அதே கணக்கு மனிதர்களுக்கும் போடப்பட்டிருக்கிறது, இந்தக் கிளர்ச்சியும் அதில் முன்கூட்டியே எழுதப்பட்ட ஒரு வரிதான் என்பது பிறகு தெரியவரும்போது, அந்தத் தட்டு வேறு மாதிரி நினைவுக்கு வருகிறது. (முடிவு தெரிந்தால் சுவை கெடும் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு மேலே படிக்கலாம்.)

மேசனாக வரும் டில்டா ஸ்விண்டன்தான் படத்தின் பெரும் பலம். பொய்ப்பற்களும் தடித்த கண்ணாடியுமாக வந்து, செருப்பை எறிந்த குற்றத்துக்காக ஒருவனின் கை உறைபனிக் காற்றில் நீட்டப்பட்டிருக்கும் ஏழு நிமிடங்களும், தொப்பி தலைக்கு உரியது, செருப்பு காலுக்கு உரியது என்று பொறுமையாகப் பாடம் நடத்துகிறார். குரலில் கோபம் துளியும் இல்லை. எஸ்டேட்டில் கூலி உயர்வு கேட்கப் போனவர்களிடம் ‘கம்பெனி நிலைமை’யை எடுத்துச் சொல்லும் நிதானக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மேசனை வேற்றுநாட்டுப் பாத்திரமாகப் பார்ப்பது கடினம்.

நீலகிரியில் ஏற்றத்தாழ்வை உயரத்தால் அளந்தே நமக்குப் பழக்கம்: மேட்டில் துரை பங்களா, சரிவில் தேயிலை, பள்ளத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகள். போங் அதைப் படுக்கை வாட்டில் நீட்டி வைத்திருக்கிறார். மேலே பார்க்க இடமே இல்லாத அந்த ரயிலில் ஒவ்வொரு கதவும் ஒரு வகுப்பின் எல்லை. (‘பாரசைட்’டில் அவர் மீண்டும் மாடிப்படிகளுக்குத் திரும்பினார்.) திரையின் இடப்பக்கம் கடைசிப் பெட்டி, வலப்பக்கம் இன்ஜின் என்று திசைகள் பெரும்பாலும் மாறாமல் இருப்பதால், பின்னால் வீழும் நண்பனைக் காப்பதா, முன்னால் ஓடும் மேசனைப் பிடிப்பதா என்று கர்டிஸ் தயங்கும் அரை நொடியில், அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதே முழு வசனமாகிவிடுகிறது.

ரயில் என்றவுடன் நம் மலை ரயிலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கிய அந்த வண்டியில், மலையேறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறது. முதல் வகுப்புப் பெட்டி முன்னால் காட்சியைப் பார்த்துக்கொண்டே போகிறது. கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுப்பல்லைக் கவ்வும்போது எழும் உதறல் எல்லா வகுப்புக்கும் ஒன்றுதான் என்றாலும், உந்துவிசை எங்கிருந்து வருகிறது என்பது முன்னால் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. படத்தின் ரயிலில் இன்ஜின் முன்னால் இருக்கிறது. அதைப் படைத்த வில்ஃபோர்டைத் தெய்வமாக்கிப் பள்ளிப் பெட்டியில் பிள்ளைகள் பாடுகிறார்கள். ஆனால் தேய்ந்துபோன ஒரு பாகத்துக்குப் பதிலாகக் கடைசிப் பெட்டியின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தரைக்கடியில் வேலை செய்வதை இறுதியில் காண்கிறோம். அந்த ரயிலையும் தள்ளிக்கொண்டிருப்பது பின்பெட்டிதான்.

குறைகளும் உண்டு. வில்ஃபோர்டாக வரும் எட் ஹாரிஸின் நீண்ட விளக்கம், மீன் தொட்டிக் காட்சி ஒரு வாயில் சொல்லி முடித்ததை மறுபடியும் பாடமாக நடத்துகிறது. முன்பெட்டிகளில் இருப்பவர்கள் நடனமாடும், போதையில் கிடக்கும், முடி திருத்திக்கொள்ளும் உருவங்களாக மட்டுமே நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது அச்சமோ குற்றவுணர்வோ தந்திருந்தால் படம் இன்னும் கனத்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் பனியும் கணினி வரைந்தது என்று பார்த்தவுடன் தெரிகிறது. ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்த கண்ணுக்கு அது ஒட்டவில்லை. இத்தனை பேருக்கு இத்தனை ஆண்டுகள் உணவு எப்படி என்று கேட்பவர்களும் உண்டு. கடைசிப் பெட்டிக்குத் தரப்படும் கறுத்த புரதக் கட்டி எதிலிருந்து செய்யப்படுகிறது என்று படம் காட்டுகிறது. கேட்டவர்கள் அத்தோடு அமைதியாகிவிடுவார்கள்.

பூட்டுகளைத் திறக்கும் நாம்குங் மின்சுவாக வரும் சாங் காங் ஹோவை இரண்டாம் முறை கவனித்துப் பார்க்க வேண்டும். எல்லாரும் அடுத்த பெட்டியின் கதவையே வெறித்திருக்க, அவர் ஒருவர் மட்டும் ரயிலின் பக்கவாட்டுக் கதவைப் பார்க்கிறார். இன்ஜினைக் கைப்பற்றினால் போதுமா, ரயிலை விட்டே இறங்க வேண்டுமா என்ற கேள்வியைக் கர்டிஸின் ஆவேச வசனங்களைவிட இந்த ஒற்றைப் பார்வை கூர்மையாக எழுப்புகிறது.

கோடாரிச் சண்டை மிகக் குரூரமானது. சிறுவர்களோடு உட்கார்ந்து பார்க்கும் படமல்ல. படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடுகிறது. நாம்குங் பெரும்பாலும் கொரிய மொழியில்தான் பேசுகிறார் என்பதால், சப்டைட்டிலுடன் பார்ப்பதே நல்லது. இதே கதையை வைத்து 2020இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.