லியூலி: ஓடா, கண்ணாடியா?

சீன மொழியில் 'லியூலி' என்றால் வண்ணக் கண்ணாடியும் உண்டு, பளபளக்கும் மெருகு ஓடும் உண்டு. நம் வைடூரியத்தின் பிராகிருத வடிவம்தான் அங்கே போய் இப்படித் தேய்ந்தது.

ஓடு என்பது சுட்ட களிமண். ஈயம் கலந்த மெருகைப் பூசி மறுபடி சுடுவார்கள். இரும்பு சேர்ந்தால் மஞ்சள், செம்பு சேர்ந்தால் பச்சை. பெய்ஜிங் அரண்மனைக் கூரைகளில் பெரும்பாலும் அந்த அரச மஞ்சள்தான். நூலகமான வென்யுவான் மண்டபத்துக்கோ கறுப்பு ஓடு. சீன நம்பிக்கையில் கறுப்பு நீரின் நிறம்; புத்தகத்துக்கு நெருப்பு ஆகாதே! டாதோங் நகரில் இந்த ஓடுகள் பதித்த ஒன்பது டிராகன் சுவர், சுமார் 45 மீட்டர் நீளத்துக்கு, 14ஆம் நூற்றாண்டிலிருந்து வெயிலிலும் பனியிலும் நிற்கிறது. ஓரம் உடைந்தால் மட்டும் உள்ளே வெறும் மண் எட்டிப் பார்க்கும்.

கண்ணாடியில் நிறம் உள்ளேயே இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, அச்செடுத்து, கண்ணாடித் துண்டுகளை உருக்கி, அவசரப்படாமல் ஆறவிட வேண்டும். ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்: மெல்லிய விளிம்பு வெளிறியிருக்கும், தடித்த இடம் இருண்டிருக்கும், நடுவே ஓரிரு காற்றுக் குமிழிகள். எனக்கு அந்தக் குமிழிகள்தான் அழகு.

சரி, எதை வாங்கலாம்? தோட்டச் சுவருக்கு ஓடு. வெளிச்சம் விழும் அலமாரிக்குக் கண்ணாடி. குழந்தைகள் ஓடியாடும் வீடென்றால் மேல் தட்டில்.