கொல்லிமலை மேட்டு நிலம்: சாமை, குச்சிக்கிழங்கு, மிளகு – கூட்டாகச் செய்தால் எது கட்டுபடியாகும்?

கொல்லிமலையில் பள்ளத்து வயல்களை விட்டுவிட்டால், சரிவு நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமிதான். அதில் என்ன போடலாம் என்பதற்குத் தனி விவசாயி போடும் கணக்கு ஒன்று. மகளிர் குழுவோ உழவர் கூட்டமைப்போ பொதுப் பணத்தை முதலாகப் போட்டு நடத்தும்போது வரும் கணக்கு வேறு.

தனிக் கணக்கில் பல ஆண்டுகளாக ஜெயித்து வருவது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. நடுவதற்கான குச்சி போன வெள்ளாமையிலேயே கிடைக்கிறது. பத்து மாதம் பொறுத்தால் மொத்தமாகப் பணம். கீழே நாமக்கல், சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் இருப்பதால் விற்பனைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். விலை கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்பதைப் பொறுத்தது, அதை அளப்பது ஆலையில். லாரி மலையிறங்கிய பிறகு பேரம் ஏது? குழுவால் முடிந்தது வண்டி வாடகையைப் பங்கு போடுவதும், அளக்கும்போது கூட நிற்பதும்தான். பொது முதலுக்கு இங்கே பெரிய வேலை இல்லை. பூச்சி ஆபத்தும் உண்டு: மாவுப்பூச்சித் தாக்குதல் முற்றி, அதைக் கட்டுப்படுத்த வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து 2022இல் விட வேண்டியிருந்தது.

சாமை இதற்கு நேர் எதிர். ஏக்கர் வருமானம் குறைவு, கூட்டு வேலைக்கு இடம் அதிகம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே விதை வங்கி, அரைவை இயந்திரம், மகளிர் குழு விற்பனை என்று வேலை செய்திருக்கிறது. உரலில் குத்தி உமி நீக்கும் பாட்டிலிருந்து பெண்களை விடுவித்ததே பெரிய லாபம், எந்தப் பேரேட்டிலும் ஏறாத லாபம். பேரேட்டில் ஏறுவது இயந்திரம் ஓட்டுபவரின் கூலி. ஒரு பேச்சுக்கு நாளுக்கு 500 ரூபாய் என்று வைப்போம். 250 கிலோ ஓடினால் கிலோவுக்கு 2 ரூபாய். 25 கிலோதான் வந்தது என்றால் 20 ரூபாய். சிறுதானியக் குழுக்கள் பல திணறுவது இந்த இடத்தில்தான். கடையில் விலை இல்லாமல் இல்லை, இயந்திரத்துக்குத் தானியம் போதவில்லை. 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம் என்பதால், வீட்டுச் சாப்பாட்டுக்காகச் சாமை விதைக்கும் தேவையும் குறைந்துவிட்டது. திட்டப் பணத்தில் சம்பளம் வாங்கும் ஒருங்கிணைப்பாளர் இருக்கும்வரை இந்த ஓட்டை தெரியாது. அவர் போனதும் தெரியும்.

அப்புறம் மிளகு. சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏற்றிவிட்டால் காய்ப்புக்கு மூன்று நான்கு ஆண்டு பிடிக்கும். வாடல் நோய் வந்தால் கொடியே போய்விடும். ஆனால் காயவைத்த மிளகு ஆண்டுக்கணக்கில் கெடாது, சின்ன மூட்டையிலேயே நல்ல பணம் அடங்கும். கைமுடைக்காக அறுவடையன்றே வியாபாரிக்குக் கொடுப்பவர்தான் இங்கே நஷ்டப்படுகிறார். குழு அந்த மூட்டையை வாங்கி வைத்துப் பாதி விலையை முன்பணமாகக் கொடுத்து, விலை ஏறியதும் விற்றால், இயந்திரமே இல்லாமல் லாபம் வரும். வேண்டியது ஈரம் ஏறாத ஒரு அறை, ஒரு தராசு, சுழல்நிதி (கொடுத்து, திரும்பி வந்ததும் மறுபடி கொடுக்கும் பணம்). விலை ஏறுவதற்குப் பதில் இறங்கலாம் என்பதால்தான் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது.

சிறுதானியத்துக்குச் சொல்ல நல்ல கதை இருப்பதால் நிதி கொடுப்பவர்களுக்கு அது பிடிக்கும். என்னைக் கேட்டால், குழுவின் முதல் பணம் மிளகுக்குத்தான் போக வேண்டும். அதில் வரும் வருமானத்தில் சாமை இயந்திரத்தின் கூலியைத் தாங்கலாம். தலைகீழாகத் தொடங்கினால் மானியம் நிற்கும் நாளில் இரண்டும் நின்றுபோகும். குச்சிக்கிழங்கு அவரவர் காட்டில் அவரவர் பொறுப்பில் இருக்கட்டும், அதை ஒழிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இதில் ஒரு சிக்கல் பாக்கி. நிலத்தில் நீண்டகால உரிமை இல்லாதவரும், ஒரு வருடம்கூட வருமானமில்லாமல் தாக்குப்பிடிக்க முடியாதவரும் கொடி நட மாட்டார்கள். ஆகவே மிளகு லாபத்தைக் கொண்டுவந்த மூட்டைக்குத் தகுந்தபடி மட்டும் பிரித்தால் வசதியானவருக்கே போகும். ஒரு பங்கை எல்லா உறுப்பினருக்கும் சமமாகக் கொடுப்பது என்று விதியைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பணம் வந்த பிறகு எழுத யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.