கொழும்பு வளவுக்கு எந்த யூகலிப்டஸ்?

நுவரெலியாவின் குளிரில் செழிக்கும் யூகலிப்டஸ் வகைகளைக் கொழும்பில் நடுவதில் பயனில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழையும் இரவிலும் தணியாத புழுக்கமும் அவற்றுக்கு ஒவ்வா. ஆகவே தெஹிவளையில் உள்ள எங்கள் சிறிய வளவுக்கு மரம் தேடியபோது இரண்டு வகைகளே எஞ்சின: மின்டனாவோ, நியூகினி மழைக்காடுகளுக்குரிய வானவில் யூகலிப்டஸ், குயின்ஸ்லாந்தைத் தாயகமாகக் கொண்ட எலுமிச்சை மண யூகலிப்டஸ். நான் நட்டது இரண்டாவதை.

காலநிலையை மட்டும் பார்த்தால் வானவில் மரமே பொருத்தம். பட்டை உரிந்த இடம் முதலில் பச்சையாகவும், பின்னர் நீலம், ஊதா, செம்மஞ்சள் என்றும் மாறும் அதன் அடிமரத்துக்கு ஈடில்லை. எலுமிச்சை வகைக்கோ நீர் வடியும் மண் கட்டாயம் வேண்டும். சதுப்பைத் தூர்த்த நிலத்தில் அதை நட நான் சொல்லமாட்டேன்.

ஆனால் நகர வளவில் கவாத்துத்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வானவில் மரம் காட்டில் 60 மீற்றரையும் தாண்டும். மதிலுக்கும் மின்கம்பிக்கும் நடுவே நின்றால் என்றாவது அதைத் தறித்தே ஆகவேண்டும். அடித்தண்டில் உறங்கும் மொட்டுகளைத் தாங்கிய கிழங்கு போன்ற புடைப்பு அதற்கு இல்லாததால், தறித்த கட்டை நன்றாகத் துளிர்ப்பதில்லை. எலுமிச்சை வகைக்கு அப்புடைப்பு உண்டு. மழை குறைந்த சனவரி, பெப்ரவரி மாதங்களில் நெஞ்சளவுக்கு வெட்டிவிட்டால், பட்டைக்கு அடியிலிருந்து செந்தளிர்கள் கொத்தாகக் கிளம்புகின்றன. அந்த இளம் இலைகள் சொரசொரப்பான உரோமங்களுடன் இருக்கும்; காம்பு இலையின் விளிம்பில் அல்லாமல் அடிப்பரப்பில் ஒட்டியிருக்கும். கசக்கினால் எலுமிச்சை போன்ற சிட்ரோனெலால் எண்ணெயின் மணம் விரலில் நெடுநேரம் தங்கும். வானவில் மர இலைகளில் எண்ணெய் மிகக் குறைவு என்பதால் இந்த மணத்தை அவற்றிடம் எதிர்பார்க்க இயலாது. ஆக, வெட்டுவது இங்கே பராமரிப்புச் செலவாக மட்டும் முடியாமல் மணமுள்ள புதுத் தளிரையும் தருகிறது.

துளிர்த்தவற்றில் வலுவான இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைய வேண்டும். நெருக்கமாக விட்டால் தென்மேற்குப் பருவமழையில் காற்றோட்டமின்றி இலைப்புள்ளி நோய் பற்றும். முதிர்ந்து பருத்த மரத்தை இவ்வாறு வெட்டிய அனுபவம் எனக்கில்லை; நான் கூறுவது இளமையிலிருந்தே குட்டையாக வளர்க்கப்படும் மரத்துக்கே பொருந்தும். வீட்டிலிருந்து வெகுதூரத்தில் விசாலமான நிலம் உள்ளவர்கள் வானவில் மரத்தைத் தயங்காமல் நடலாம்.